திரையின் மூலையில் இருந்த பெயர்

போன மாதம் ரேவதி போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "மேடம், புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு இணையப் பாதுகாப்பு பத்தி ஒரு வகுப்பு வைக்கோம். நீங்க வந்து பேசணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்போனில் வரும் ஓடிபி எண்ணைக் கண்ணாடி தேடிப் போட்டுப் படிப்பதற்குள் அது செல்லாமல் போய்விடுகிற ஆள் நான்.

"ஏம்மா, திருநவேலியில வேற ஆளே கெடைக்கலையா?" என்று கேட்டேன்.

"தண்ணியும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கெட்ட கதை உங்ககிட்டதான இருக்கு" என்றாள்.

வாஸ்தவம்தான். போய்ப் பேசினேன். இப்போது அங்கே கணினியைத் திறக்க விரல் ரேகை வைக்க வேண்டும், அப்புறம் போனுக்கு வரும் எண்ணையும் அடிக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஒரு தொல்லையாக நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்களுக்குச் சொன்னதையும், நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தாமிரபரணியில் தண்ணீர் எடுத்து, தெளியவைத்து, குளோரின் கலந்து, கடற்கரை ஊர்கள் வரைக்கும் குழாயில் அனுப்புகிற ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நீர்ப் பரிசோதகராக இருந்தேன். வேதியியல் படித்துவிட்டுத் தச்சநல்லூர் வீட்டில் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தவளுக்கு வேலை உத்தரவு முந்திக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு அரை மனசு. அம்மாதான் "தண்ணி சோதிக்கத்தான போறா, சாராயமா சோதிக்கப் போறா" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். முதல் இரண்டு வருடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தெளிந்து கிடக்கிற தண்ணீரை முகத்தைப் பார்த்து நம்பக் கூடாது.

சோதனை ரொம்ப எளிது. விரல் உயரக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தில் சில சொட்டு விட வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளமஞ்சளாக மாறும். மஞ்சள் வந்தால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் வழியில் எந்தக் கிருமி ஏறிக்கொண்டாலும் கேட்க ஆளில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. குழாயில் போகப் போகக் குளோரின் குறைந்துகொண்டே வரும். கடற்கரையில் இருக்கும் கடைசி வீட்டுக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டுமென்றால், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் மருந்து வாடை தூக்கலாகத்தான் இருக்கும். ஆற்றங்கரைக்காரர்கள் ஏற்கெனவே தண்ணீர் விஷயத்தில் ராஜாக்கள். ஆற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்த நாக்குக்குக் குழாய்த் தண்ணீரின் வாடை பொறுக்காது. "காப்பியில கூட ஆஸ்பத்திரி மணக்குது தாயி" என்று என்னை வழியில் நிறுத்திச் சண்டை பிடிப்பார்கள். முதல் குழாய்க்காரர் முகம் சுளித்தால்தான் கடைசிக் குழாய்க்காரருக்கு நல்ல தண்ணீர். வேலையில் இருந்த காலமெல்லாம் இதை எல்லோரிடமும் சொல்லித் தொண்டை வற்றிப்போனேன்.

முன்பெல்லாம் குளோரின் அளவைக் கையால் திருகிக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பிறகு கணினி வந்தது. திரையில் ஒரு எண்ணை அடித்தால் போதும், இயந்திரம் அந்த அளவுக்கு மருந்தைக் கலக்கும். யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து மாற்றினார்கள் என்பதை அதுவே குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல்.

அந்தக் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தவர் எங்கள் உதவிப் பொறியாளர் மைதீன் சார். மேலப்பாளையத்துக்காரர். நல்ல கணீர்க் குரல். ஆனால் யாரையாவது கண்டிக்க வேண்டி வந்தால் அந்தக் குரல் தானாக இறங்கிவிடும். தப்புச் செய்தவரை நிற்கவைத்துப் பேச மாட்டார். "மொதல்ல உக்காரும் வே" என்பார். டீ வரவழைப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை விஷயத்தை எடுக்க மாட்டார். சார் கையால் டீ குடித்தவனுக்கு மெமோ நிச்சயம் என்று நிலையத்தில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. அவர் அறைப் பக்கம் டீக்கடைத் தம்ளர் போனால் ஆளாளுக்குத் தங்கள் தப்பை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

சீட்டைக் கொடுத்தபோது சார் சொன்னார்: "இது அமானிதம். நம்பி ஒப்படைச்ச பொருளுக்கு எங்க வீட்டுல அப்பிடித்தான் சொல்லுவோம். பொண்டாட்டி கேட்டாலும் குடுக்கக் கூடாது." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே அது தகர்ந்தது. இசக்கிமுத்து ராத்திரிப் பணியில் இருந்தவன், முப்பது வயதுக்காரன், ஒப்பந்த ஊழியன். கணினியை முதலில் பழகிக்கொண்டவனும் அவன்தான். காலைப் பணிக்கு மூத்த ஆபரேட்டர் சிவனு அண்ணாச்சி வந்தார். இசக்கி, சார் சொல்லிக்கொடுத்தபடி கணினியிலிருந்து தன் பெயரை வெளியே எடுத்துவிட்டு எழுந்தான். திரை மூடிக்கொண்டது. அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது.

"என்னலே, நான் வாரதப் பாத்துக் கதவச் சாத்துத? நான் என்ன களவாணியா?"

இசக்கி பதறிப்போனான். திரும்ப உட்கார்ந்து தன் பெயரைப் போட்டுத் திறந்துவைத்துவிட்டு, "இரிங்க அண்ணாச்சி" என்றான். வீட்டுக்கு ஆள் வரும்போது கதவைச் சாத்துவது நம் பக்கத்தில் பெரிய அவமரியாதை அல்லவா. அன்றிலிருந்து பணி மாறும்போது யாரும் கணினியை மூடவில்லை. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். எந்த நேரம் யார் இருந்தாலும் திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இசக்கியின் பெயர்தான் நின்றது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இந்த இரண்டு பேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இசக்கியின் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். பள்ளிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இசக்கி பணி முடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அவன் மனைவிக்கு விடிந்தால் பீடிக் கம்பெனிக்கு ஓட வேண்டிய வேலை. இது தெரிந்த நாளிலிருந்து அண்ணாச்சி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "போலே, பிள்ளைய விட்டுட்டு வீட்டுல போய்த் தூங்கு" என்பார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. கணக்குப்படி அந்த ஒரு மணி நேரமும் பணியில் இருப்பது இசக்கிதான். நான் காலையில் வரும்போது அப்பாவும் மகளும் எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்ப்பேன். அந்தச் சின்னவள் என்னைப் பார்த்தால் தன் மூக்கில் விரலை வைத்து என் மூக்குத்தியைக் காட்டுவாள். சைகையில் அதுதான் அவள் எனக்கு வைத்த பெயர்.

அந்த வருடம் ஆடி மாதம். அண்ணாச்சியின் ஊர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கோயில் கொடை, மூன்று நாள் திருவிழா. ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கி வரத் தொடங்கியிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை நான் வழக்கம்போல உவரிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊருக்குக் கடைசிக் குழாய்களைச் சோதிக்கப் போனேன். தெருக்கோடியில் ரோசம்மாள் வீடு. எப்போது போனாலும் கருப்பட்டிக் காப்பி தருகிறவள், அன்று வாசலுக்கே வரவில்லை. உள்ளே பாயில் அவளுடைய சின்ன மகன் துவண்டு கிடந்தான்.

"நேத்துலேருந்து வயித்தால போகுது மேடம். எதுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்பிடித்தான்."

அடுக்களைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். மஞ்சள் வரவில்லை. கண்ணாடிக் குழாயைக் கழுவி மறுபடியும் விட்டேன். அப்போதும் வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரோசம்மாளும் பார்த்தாள். "கண்ணாடி கணக்கா தெளிஞ்சில்லா இருக்கு" என்றாள். அந்தப் பையனை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு மைதீன் சாருக்குப் போன் போட்டேன்.

சார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குளோரினைக் கூட்டச் சொன்னார், லாரியில் தண்ணீர் அனுப்பினார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிப் பஞ்சாயத்து மூலம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கவைத்தார். அன்று சாயங்காலம் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ரோசம்மாளின் மகனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சார் கட்டில் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். பிள்ளைகள் எல்லோரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். அந்த ஒரு நிம்மதி இல்லாவிட்டால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

குளோரின் அளவை யாரோ பாதியாகக் குறைத்திருக்கிறார்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கலங்கிய தண்ணீர் மருந்தை அதிகம் தின்னும். பாதி மருந்து பாதி வழியிலேயே தீர்ந்திருக்கிறது. யார் குறைத்தது? "வெளியூர்க் கள்ளன் எவனோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டான்" என்று நிலையமே பேசியது. அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. எங்கேயோ முகம் தெரியாத தேசத்தில் இருக்கிற ஒருவன் மேல் பழியைப் போட்டால் உள்ளூரில் யாரும் யார் முகத்திலும் முழிக்கத் தயங்க வேண்டியதில்லை. கொடை முடிந்து விடுப்பிலிருந்து திரும்பிய சிவனு அண்ணாச்சிதான் அந்தக் கள்ளனை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினார். "பச்சப்பிள்ளையள் குடிக்கிற தண்ணியில கை வைக்கிறவன் வெளங்குவானா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கணினி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள். வெளியிலிருந்து யாரும் புகவில்லை. மாற்றம் நடந்தது நிலையத்துக் கணினியில், புதன்கிழமை காலையில், இசக்கிமுத்துவின் பெயரில், அவனுடைய பணி நேரத்துக்குள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வாரக் கடைசிக்குள் பொறுப்பானவர் பெயரைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்த ஊழியன் பெயர் போனால் விசாரணைகூட இருக்காது. அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சார் இசக்கியை அழைத்தார். நானும் இருந்தேன். டீ வந்தது. இசக்கி தம்ளரைத் தொடவில்லை.

"அந்த நேரம் நாற்காலியில யாரு வே?"

"நான்தான் சார்."

"நீரா கொறைச்சீரு?"

"ஆமா சார். கை தவறி அமுக்கிட்டேன் போல."

அவன் போன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "சார், அந்த நேரம் அவன் பிள்ளையோட பஸ் ஸ்டாப்புல நின்னான். நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றார் சார். "அந்த நாற்காலியில யாரு இருந்தாகன்னும் எனக்குத் தெரியும். நாம போய்ச் சொன்னா ஒருத்தர் பேரு மாறும், அவ்வளவுதான். அண்ணாச்சி வேணும்னு மறைக்கிற ஆளில்ல. தான் செஞ்சதாலதான் இதுன்னு அவுகளுக்கே தெரியல. பைய பாப்போம்."

எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒருவன் வேலை போகப்போகிறது, இவர் பைய பார்க்கிறாராம்.

மறுநாள் எல்லா ஆபரேட்டர்களையும் கட்டுப்பாட்டு அறைக்கே வரச் சொன்னார். நாற்காலிகள் போட்டு எல்லோருக்கும் டீ வந்தது. அண்ணாச்சி தம்ளரை வாங்கிக்கொண்டு, "மொத்தமா மெமோவா சார்?" என்றார். சிரிப்பு எழுந்தது. சார் சிரிக்கவில்லை. கடற்கரையிலிருந்து நான் அந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து எடுத்துவைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை மேசைமேல் வைத்து, ரோசம்மாளின் மகனைப் பற்றிச் சொன்னார். அவன் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் பட்ட பாட்டைச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"வெளியாள் யாரும் வரல. கொறைச்சது இந்தக் கம்ப்யூட்டர்ல. ஒரே ஒரு தடவ. புதன்கிழமை காலைல. இசக்கி பேர்ல."

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார். "ஒரே தடவதானா சார்? வேற ஆரும் மாத்தலையா?"

"ஒரே தடவதான் அண்ணாச்சி."

"எவ்வளவுக்கு?"

"பாதிக்கு."

அண்ணாச்சி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சார் அந்த மேல் மூலையை விரலால் காட்டினார். இசக்கி பெயர் அப்போதும் அங்கேதான் இருந்தது.

"நான்லா கொறைச்சேன்" என்றார் அண்ணாச்சி. "கொடைக்குச் சமைக்க வந்த தவசுப்பிள்ளை, போன வருசம் பாயாசத்துல மருந்து வாடை அடிச்சி எம்பேரு கெட்டுப்போச்சின்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஊர்ச் சாப்பாடு. மூணு நாளைக்குத்தானேன்னு கொறைச்சி வச்சேன். வந்து கூட்டிருவோம்னு இருந்தேன். இந்தக் கள்ளன் வந்து அதுக்கு மேலயும் கொறைச்சிட்டான்னுதான் நெனச்சேன். அப்போ அந்தக் களவாணி நான்தானா?"

"அண்ணாச்சி, நீங்க சும்மா இரிங்க. நான்தான் சார்" என்று இசக்கி எழுந்தான்.

"நீ எப்பிடிலே? நீ அப்போ பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் பஸ்ஸுல்லா ஏறப் போன." அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினார். "எம்பேரச் சொல்லாம வேலையத் தொலைக்க இருந்தியே. அந்தச் சின்னவள ஆரு பள்ளிக்கூடம் கொண்டுபோவா?"

சார் அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "உங்க சீட்டு எங்க அண்ணாச்சி? நான் குடுத்த கடவுச்சொல்லு?" என்று கேட்டார். அண்ணாச்சி பர்ஸைத் திறந்தார். குலதெய்வம் சாஸ்தாவின் படத்துக்குப் பின்னால், கொடுத்த அன்று மடித்த மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தது. அமானிதம் என்று சொன்னதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார் சார். "சீட்டக் குடுத்தேன், ஒரு வார்த்த சொன்னேன், போயிட்டேன். நீங்க பூட்டுதீகளா, தொறந்து போட்டிருக்கீகளான்னு ஒரு நாளும் வந்து பாக்கல."

அறிக்கையிலும் அவர் அதையே எழுதினார். முதலில் தன் பெயரைப் போட்டார், பிறகு அண்ணாச்சியின் பெயரை. இசக்கி நேரத்துக்கு முன் கிளம்பியதையும் மறைக்கவில்லை. ஆனால் அது தனக்குத் தெரிந்தே நடந்தது என்று சேர்த்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு ஊதிய உயர்வு ஒன்று நின்றது. சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. இசக்கிக்கு எச்சரிக்கையோடு வேலை நிலைத்தது. அவன் மகளின் பஸ்ஸுக்குத் தோதாகப் பணி நேரத்தையே சார் மாற்றி எழுதி உத்தரவு வாங்கினார். இரண்டு பேரும் ஒளித்துச் செய்துகொண்டிருந்த நல்ல காரியம் அதன்பிறகு வெளிச்சத்தில் நடந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் கடற்கரைக்குக் கிளம்பும்போது அண்ணாச்சி ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். ரோசம்மாள் வீட்டில் நான் சொட்டு விட, தண்ணீர் மஞ்சளாக மாறியது. அண்ணாச்சி அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ரோசம்மாளிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மருந்து வாடை அடிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அவள்.

"லேசா அடிக்கு தாயி."

"அடிக்கட்டும். இப்போ அந்த வாடை வந்தாதான் பிள்ளைக்குக் குடுக்கேன்."

அண்ணாச்சி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் செம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, "இந்தத் தாத்தாவுக்குக் காப்பி கொண்டா" என்றாள். கருப்பட்டிக் காப்பி. அவர் குடிக்க முடியாமல் குடித்தார்.

புது முறைக்கு எல்லோரும் பழகினார்கள். எழுகிறவர் மூட வேண்டும், உட்காருகிறவர் தன் பெயரில் திறக்க வேண்டும். அண்ணாச்சிக்கு மட்டும் அது கடைசிவரை கூச்சமாகவே இருந்தது. வருகிற ஆள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மூடுவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அவர் ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. மாலை போட்டுப் படம் எடுத்து, மிக்சர் தட்டுகளும் காலியான பிறகு, "பணிய ஒப்படைக்கணும்லா" என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். அடுத்த பணி இசக்கிக்கு. மகளையும் கூட்டிவந்திருந்தான். மைதீன் சாரும் நானும் வாசலில் நின்றோம். இசக்கி உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே தன் பெயரை வெளியே எடுத்தார். திரை மூடியது. எழுந்து நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இரிலே. ஓம்பேரப் போட்டு இரி."

இசக்கி உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தான். அடிக்கும்போது அண்ணாச்சி அந்தச் சின்னவளின் தலையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, தானும் திரும்பிக்கொண்டார். திரை திறந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, மேல் மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். சரியாக இருந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.